அவரவர் பூட்டு

கிட்ட வாங்க கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, என் குரலுக்கு இப்போல்லாம் ரொம்ப தூரம் நடக்கத் தெம்பில்லை. ஒரு கதை சொல்றேன். பயமா இருந்தா பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கலாம். பிடிக்கிறதுக்கு முன்னாடி அது யார் கைன்னு மட்டும் ஒரு தரம் பாத்துக்குங்க.

ஒரு பெண். இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலை தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்தவள். கடைசியில் அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனியிலேயே அவளை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அண்ணன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன் மட்டும்தான். எப்போது கேட்டாலும், "லீவு இல்ல பாப்பா." அம்மா வாசல் கதவைத் தாழிடாமலே தூங்கப் பழகிவிட்டாள். அதனால் இவளுக்குச் சம்பளத்தைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது: உள்ளே நுழைந்துவிட்டால், என்றாவது அவன் காதைத் திருகி வீட்டுக்கு இழுத்துவந்துவிடலாம்.

காத்திருக்கும் அறையில் வெயில் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளர். யாரும் தொடவில்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது, ஆனாலும் அதிலிருந்த தண்ணீரின் மேற்பரப்பு மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. கவனித்த பிறகுதான் அந்த முனகல் அவளுக்கு எட்டியது. தரையிலிருந்து செருப்புக்குள் ஏறி, முழங்கால் வழியாகப் பல்லுக்கு வந்து சேரும் தாழ்ந்த, ஈரமான முனகல். எங்கேயோ கேட்ட சத்தம். ஆமாம், அண்ணன் பேசும்போதெல்லாம் போனில் அவன் குரலுக்குப் பின்னால் கேட்பது. லைன் சரியில்லை என்று இத்தனை நாளாக நினைத்திருந்தாள்.

முதல் சுற்று, கணக்கு. அண்ணன் போனில் சொல்லிக்கொடுத்த அதே கணக்குகள், அதே வரிசையில். இரண்டாவது சுற்றில் ஓடும் மோட்டார் ஒன்றைக் காட்டி, என்ன கோளாறு என்றார்கள். பழைய மெக்கானிக்குகள் செய்வதுபோல ஸ்க்ரூடிரைவரின் நுனியை இரும்பில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டாள். "பேரிங் போச்சு சார்." அண்ணன் சொல்லிவைத்த பதில்தான் அதுவும். கேள்விக்கு முன்னாலேயே பதில் தெரிந்திருந்தால் அதற்குப் பெயர் பரீட்சையா? நெஞ்சின் ஓரத்தில் ஏதோ உறுத்தியது. கூடப் பிறந்தவன், தங்கைக்காகச் செய்கிறான் என்று அதைத் தட்டிவிட்டாள்.

மூன்றாவது சுற்றில் வெறும் பேச்சு. கேள்வி கேட்டவர் ஒரு வழுக்கைத் தலையர். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்.

"எங்க இன்ஜினியருங்க யாரும் வேலையை விட்டதே இல்லம்மா," என்று வழுக்கையர் சிரித்தார்.

"அவ்வளவு நல்ல கேன்டீனா சார்?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன்பே அந்த அம்மாள் கேட்டாள்: "வீட்டுல வேற யாராவது இன்ஜினியரிங் படிக்கிறாங்களா?"

"தங்கச்சி, மேடம். கடைசி வருஷம். என்னைவிடக் கெட்டிக்காரி."

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் அந்த அம்மாள். உண்மையாகவே சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது.

கடைசிச் சுற்று கீழ்த்தளத்தில். அந்த அம்மாள்தான் கூட்டிப்போனாள். கட்டடம் முழுவதற்கும் காற்றைத் தள்ளுகிற ப்ளோயர், வீடு அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி, அங்கே நின்றிருந்தது. கிரீஸ் வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை, நாள்கணக்கில் தலை குளிக்காதவர்கள் அடைந்து கிடக்கும் அறையின் வாடை. பெட்டிக்கு வெளியே மெயின் சுவிட்ச். இயந்திரத்துக்குள் இறங்குகிறவர் யாராக இருந்தாலும், முதலில் சுவிட்சை அணைத்துத் தன் சொந்தப் பூட்டை அதில் மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். மாட்டியவரே வந்து திறக்கும்வரை வேறெவரும் சுவிட்சைப் போட முடியாது. தொங்கும் ஒவ்வொரு பூட்டுக்கும் உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சுவிட்சில் பூட்டுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. துருப்பிடித்தவை. புதியவை. சிவப்புத் துணி சுற்றிய ஒன்று. அந்தத் துணி அம்மாவின் பழைய புடவைக் கிழிசல். சைக்கிளுக்காக அண்ணன் வாங்கிய பூட்டு அது.

"அண்ணா உள்ளேதான் இருக்கானா மேடம்?"

"உங்களுக்காகத்தான் காத்திருக்கார்."

"ஆனா சுவிட்ச் அணைஞ்சிருக்கே. அப்போ இந்தச் சத்தம்?"

"அதைக் கண்டுபிடிக்கிறதுதாம்மா கடைசிச் சுற்று."

அந்த அம்மாள் நீட்டிய புதுப் பூட்டைத் தன் பூட்டாக மாட்டினாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். வட்டமான இரும்புக் கதவுக்குள் குனிந்தாள்.

உள்ளே காற்று வெதுவெதுப்பாக இருந்தது. காற்றாடியின் இலைகள் அசையவில்லை. முனகல் மட்டும் நிற்கவில்லை. கையோடு கொண்டுவந்த ஸ்க்ரூடிரைவரை இரும்புச் சுவரில் வைத்துக் காதைப் பொருத்தினாள். பேரிங் இல்லை. மூச்சு. பல பேருடைய மூச்சு, ஒரே இழுப்பில், ஒரே விடுப்பில். நடுவில் ஒரு குரல் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதே கணக்குகள், அதே வரிசையில்.

"அண்ணா?"

குரல் நின்றது. இருட்டிலிருந்து வந்து, அவளைச் சுற்றிக் கதவுப் பக்கமாக நின்றான். ஒட்டிய கன்னம், இமையெல்லாம் இரும்புத்தூள். தோளைத் தொட்டான். கை சில்லென்று இருந்தது.

"வந்துட்டியா பாப்பா."

"வீட்டுக்குப் போலாம்ணா. அம்மா..."

"போறேன். நீ திரும்பிப் பாரு. கோளாறு உன் முதுகுக்குப் பின்னாடிதான்."

திரும்பினாள். அண்ணன் சொன்னால் திரும்பாமல் இருப்பாளா?

பின்னால் எதுவும் இல்லை.

கதவு சாத்தும் சத்தம்.

கதவில் உள்ளங்கையளவு கண்ணாடி. ஓடினாள். மோதினாள். வெளியே அண்ணன், சிவப்புத் துணி சுற்றிய பூட்டைத் தன் சாவியால் திறந்துகொண்டிருந்தான். அழுதுகொண்டுதான் திறந்தான்.

"அண்ணா!"

நிமிரவில்லை. "அம்மாவைப் பாக்கணும் பாப்பா. ஒருத்தர் வந்தாத்தான் ஒருத்தரை விடுறாங்க."

போய்விட்டான். படியேறும் காலடி. அப்புறம் அதுவும் இல்லை.

அவள் பூட்டு அங்கே தொங்கியது. புத்தம் புதியது. சாவி உள்ளே, அவள் பையில்.

முனகல் அருகே வந்தது. சுவரிலிருந்து வரவில்லை. தேடினாள். ஸ்க்ரூடிரைவரின் நுனியைத் தன் நெஞ்செலும்பில் வைத்தாள். குனிந்து, பிடியைக் காதில் அழுத்தினாள்.

இதயத் துடிப்பு கேட்கவில்லை.

முனகல்.

பையில் போன் ஒலித்தது. இரும்புக்குள் சிக்னல் வராது. இங்கே முழுசாக இருந்தது. தங்கச்சி.

"அக்கா! என்னாச்சு? கிடைச்சுதா?"

ஓடிப்போ என்று கத்த வாயைத் திறந்தாள். வாய் திறந்தது. வந்தது வேறு குரல், நிதானமாக, பாசமாக, ஒரே மூச்சில்.

"கிடைச்சுது குட்டி. இங்க இன்னொரு இடமும் காலியா இருக்கு. பயப்படாதே, எல்லாம் நான் சொல்லித் தரேன். முதல் கணக்கை எழுதிக்கோ."

"இரு அக்கா, பேனா எடுக்கிறேன்... ஆமா, லைன்ல என்ன சத்தம்?"

அவ்வளவுதான் கண்ணுங்களா. போய்ப் படுங்க. உங்க வீட்டுலேர்ந்து வேலைக்குன்னு போனவங்க, போன குரலோடயே வாசல் ஏறி வரட்டும். உங்க பூட்டு என்னைக்கும் உங்க கைக்கு எட்டுற தூரத்துலயே தொங்கட்டும். உங்க குடும்பம் நல்லா இருக்கட்டும்.