ஒச்சம்மாளின் கட்டைவிரல்

கைரேகை மெஷினைத் துடைத்த துணியில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. பூபாலன் மறுபடி துடைத்தான். மறுபடியும் நீலம். இன்று சாயப்பட்டறை ஆட்கள் யாருமே பேங்குக்கு வரவில்லை. சாயங்காலம் பிடித்த மழையில் அவிநாசிபாளையம் ரோடே வெறிச்சோடிக் கிடந்தது. "நீங்களே பூட்டிக்குங்க சார்" என்று கேஷியர் நிர்மலாவும் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

துணியை முகர்ந்தான். சாயப்பட்டறையின் காரநெடி. ஒச்சம்மாள் கவுண்டருக்கு வரும்போது அவளுக்கு முன்னால் வந்து நிற்குமே, அதே நெடி.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். வெறுங்கையால் துணி அலசி அலசி விரல் ரேகை தேய்ந்துபோயிருந்தது. கணக்குத் தொடங்கிய அன்று மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை. அப்படிப்பட்டவர்களின் கண்ணைப் பதிகிற மெஷின் திருப்பூர்ப் பெரிய கிளையில் உண்டு. அனுப்பிவைக்கச் சோம்பல். அவள் பேரில் தன் கட்டைவிரலையே வைத்து அழுத்தினான் பூபாலன். யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்.

அதன்பிறகு கணக்கில் விழுந்த கூலியை எடுக்க அவள் எத்தனை முறை விரல் வைத்தும் பணம் வரவில்லை. ஒருநாள் மனுவோடு வந்தாள்.

"என்னப் பத்தி என்னென்ன பதிஞ்சு வச்சிருக்கீகளோ, அம்புட்டையும் குடுங்க சார். கேட்டா குடுக்கணும்னு சட்டம் இருக்காம்ல. எம் பேருல இருக்கது யாரு வெரலு?"

"மேலிடத்துக்கு அனுப்பறனுங்க. அடுத்த வாரம் வாங்க."

அனுப்பினால் அவன் வேலைக்கே உலை. மனு குப்பைத்தொட்டிக்குப் போனது. அவளோ அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்தாள். காமாலை முற்றியபோது மஞ்சள் கண்ணோடு வந்து கவுண்டர் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து, "பதில் வாங்காமப் போகமாட்டேன்" என்றாள். சொந்தக் காசிருந்தும் நல்ல ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் செத்தாள். சேதி கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டான், பாவி.

கரண்ட் போனது. எல்லாம் இருட்டு. கம்ப்யூட்டர் திரை மட்டும் எரிந்தது. அதில் ஒச்சம்மாளின் கணக்கு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஈரத்துணியைப் பிழியும் சத்தம்.

சொட்டு.

சொட்டு.

வாசலுக்கு ஓடினான். ஷட்டர் இறங்கியிருந்தது. இறக்கியது அவனில்லை.

வலது கட்டைவிரல் சில்லிட்டது. திரை வெளிச்சத்தில் பார்த்தான். நகம் நீலம். தோல் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. ரேகை இல்லை. ஒன்றுகூட இல்லை.

அது தானாக மடங்கியது. நீண்டது. அவன் கையையே இழுத்துக்கொண்டு போய் மெஷின்மேல் அழுந்தியது. பச்சை விளக்கு எரிந்தது.

'விரல் பொருந்தியது. ஒச்சம்மாள்.'

"அப்ப இது என் வெரலுதான்." காதோரம் ஈர மூச்சு. "மிச்சத்தையும் குடுங்க சார்."

திரையில் அடுத்த வரி வந்தது.

'கண்ணைப் பதியவும்.'

இந்தக் கிளையில்தான் அந்த மெஷின் கிடையாதே. கத்தினான். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. இடதுகையால் வலதுகையைப் பிடித்து இழுத்தான். நிற்கவில்லை.

நீலக் கட்டைவிரல் நிதானமாக எழும்பி, நகத்தை முன்னே நீட்டியபடி, அவன் வலது கண்ணை நோக்கி வந்தது.