ஒருவழி இழை

ஷபானா கனவிழையின் முனையைத் தன் நெற்றிப்பொட்டில் ஒட்டிக்கொண்டு சற்றுநேரம் கண்ணை மூடினாள். திறந்தபோது இமைகள் நனைந்திருந்தன.

"மேல யாரோ பகல்ல தூங்குறாங்கக்கா. மாந்தோப்பு, நல்ல மழை. லைன் சுத்தமா வருது," என்றாள்.

ஜெயராக்கினி கோவைக்கு, அந்தக் குடியிருப்பின் தரைத்தளத்துக்குக் காலையில்தான் குடிவந்திருந்தாள். பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே இழை போடும் ஷபானாவை வரவழைத்துவிட்டாள். திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும். பாலம் கட்டும் நிறுவனம் அது. அதன் பொறியாளர்கள் மதியத்தில் அவரவர் வீட்டில் தூங்கி, ஒரே கனவுக்குள் கூடி, இன்னும் கட்டாத பாலத்தின்மேல் நடந்து பார்த்துக் குறை கண்டுபிடிப்பார்கள். இழை இல்லையென்றால் வேலையும் இல்லை. அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான்.

கம்பியில்லாமல் கனவு அனுப்பிய காலமும் இருந்தது. பாதியில் அலை அறுந்து எழுந்தவர்கள் பெற்ற பிள்ளையின் பெயர் தெரியாமல் விழித்தார்கள். அதற்குப்பின் வீட்டுக்கு வீடு கண்ணாடி இழைதான். இழை ஒரு வீட்டைத் தொட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். ஒட்டுப்போட்ட இடங்களில் கனவு கொஞ்சம் கசியும். "நேத்து உங்க மாமியார் எங்க கனவுல வந்து வடை சுட்டாங்க" என்று லிஃப்டில் சொல்லிச் சிரிப்பது சாதாரணம்.

ஷபானா ஒட்டுப்போடக் குனிந்தபோது குடியிருப்புச் சங்கச் செயலாளர் குழந்தைவேலு படியிறங்கி வந்தார்.

"அம்மணிக்குச் சொந்த ஊர் எதுங்க?"

ஜெயராக்கினி சொன்னாள்.

"ஊருக்குள்ளயேங்களா, இல்ல கொஞ்சம் தள்ளியா?"

"தள்ளித்தான். அதக் கேக்கத்தான சார் இறங்கி வந்தீங்க?"

அவர் முகம் மாறவில்லை. "தப்பா நினைச்சுக்காதீங்க. நமக்கு அதெல்லாம் கிடையாது. மேல பெரியவங்க தூங்குறாங்க, புதுசா எது கசிஞ்சாலும் அவங்களுக்கு ஒத்துக்காது." ஷபானா பக்கம் திரும்பினார். "ஒருவழித் தடுப்பி ஒண்ணு போட்டுரும்மா. நம்முளுது அம்மணிக்குத் தாராளமா வரட்டும். அவங்களுது வெளிய எங்க வேணா போகட்டும், மேல வரவேண்டாம்."

"சார், போற வெளிச்சம் திரும்பி வரணும். ஒருபக்கமாவே விட்டா மேல கனவு காஞ்சுரும்."

"சொன்னதப் போடு."

ஜெயராக்கினிக்குக் காது சுட்டது. இழையைச் சுருட்டி அவர் முகத்தில் எறிய வேண்டும்போல இருந்தது. திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

"போடுங்க," என்றாள்.

கனவுகள் இறங்கின. அவள் கண்ணை மூடினால் போதும், நாலு மாடியின் தூக்கமும் மழைநீர்போல வழிந்து தரைத்தளத்தில் தேங்கியது. யாரோ வளர்த்த மயில்கள் அவள் பாலத்தின் கைப்பிடியில் வந்து உட்கார்ந்தன. பாலமே ஆற்றைவிட்டு எழுந்து நிலாவின் ஓரத்தைத் தொட்டு வளைந்தது. மற்ற பொறியாளர்கள் கனவில் சாம்பல் கம்பிகளோடு மல்லாட, இவள் வளைவுகளை விரல் நுனியால் வரைந்தாள். நிறுவனத்தில் மெச்சினார்கள்.

மேலே காய்ந்துகொண்டிருந்தது. லிஃப்டில் சிரிப்பு நின்றது. தூக்கத்தில் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடியே விடிகிறது என்றார்கள். அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் வந்து நிற்பார்கள். அன்றைக்குச் சொல்லச் சில வார்த்தைகளைத் தீட்டியும் வைத்திருந்தாள்.

பிறகு ஒரு மதியம், கனவில் அவள் உயரமான வாசலில் நின்றிருந்தாள். மாம்பூ வாசம். கையில் பித்தளைச் செம்பு. கீழே வெயிலில் ஒரு பெண் குனிந்து இரு கைகளையும் குவித்திருந்தாள். இவள் செம்பை உயர்த்தி ஊற்றினாள். ஊற்றுகிற இவள் மனத்தில் கோபமோ வெறுப்போ இல்லை, செம்பு பட்டுவிடக்கூடாது என்ற கவனம் மட்டுமே இருந்தது. குடித்து முடித்து அந்தப் பெண் நிமிர்ந்தாள். அம்மா.

விழித்ததும் எழுந்து உட்கார்ந்தாள். எத்தனையோ வாரங்களாகத் தன் கனவு ஒன்றுகூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இவளுக்குள் மேல்மாடிக்காரர்கள் குடியேறிவிட்டார்கள்; இவள்தான் இடம்விட்டு ஒதுங்கியிருக்கிறாள்.

மறுநாள் குழந்தைவேலு வந்தார். கண்கள் குழிவிழுந்திருந்தன.

"தூக்கத்துல ஒண்ணுமே இல்லீங்க அம்மணி. அந்தத் தடுப்பியக் கழட்டச் சொல்லுங்க."

"கழட்டுனா என்னுதும் மேல வரும். பரவால்லையா?"

அவர் தரையைப் பார்த்தார். "வரட்டுமுங்க."

தீட்டிவைத்த வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டாள். ஷபானாவைக் கூப்பிட்டாள்.

தடுப்பி கழன்ற மறுநாள் காலை, அவர் படியில் வந்து நின்றார்.

"கனவு வந்துச்சுங்க," என்றார். "ஒரே வெயில். நான் கையக் குவிச்சுட்டு நிக்கறேன். மேலருந்து தண்ணி ஊத்தறாங்க. செம்பு என்ர மேல படவே இல்லீங்க." தன் விரலைப் பார்த்தார். "ஊத்துன கைல என்ர மோதிரமுங்க. உங்க கனவு இப்படித்தான் இருக்குமுங்களா?"

"அது என்னுது இல்ல சார். உங்களோடது. இத்தன நாள் என்கிட்டத் தங்கிட்டு வீடு திரும்பியிருக்கு."

அவர் இரண்டு படி ஏறித் திரும்பி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மாதிரித் தடுப்பி எங்க பக்கத்துல ஒண்ணு மாட்ட முடியுமுங்களா?" என்றார்.

"முடியும்," என்றாள் ஜெயராக்கினி. "யார் கனவ யார்கிட்ட இருந்து தடுக்கணும்னு ஷபானா கேப்பா. அதுக்கு மட்டும் நீங்களே பதில் சொல்லிருங்க."