வெட்டு மேசையில் காயவைத்த படம்

"அம்மா... என் பெரிய படம் எங்க? ஃபைல்ல வைக்கிறேன்னு சொன்னியே?"

உள்ளறையிலிருந்து மகள் கேட்டதும்தான் அடுப்படியில் நின்ற அம்மாவுக்கு நினைவு வந்தது. விடியற்காலையில் எடுத்து வைப்பதாகச் சொன்னவள் அவள்தான். மகளின் உடைக்கு இஸ்திரி போடுகிற அவசரத்தில் மறந்தே போனாள். பாலை அப்படியே பொங்கவிட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

கீழே தையல் கடை, மாடியில் குடித்தனம். கடையில் இடமில்லாததால் வெட்டு மேசை மட்டும் மாடிக் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் மேல் காக்கித் தாள் கிடந்தால் அது சட்டைக்கோ கவுனுக்கோ வெட்டுமாதிரி எடுக்கத்தான். இதை அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த மேசைக்கு அடியில் தூங்கி வளர்ந்த மகளுக்குக் கையில் எப்போதும் அளவுகோல் இருக்கும் என்பதால் வீட்டில் 'ஸ்கேல்' என்றுதான் பெயர். கட்டடக்கலையும் வடிவமைப்பும் படிக்க அவள் விண்ணப்பித்திருந்தாள். இன்று காலை நேர்காணல். அதற்கான பெரிய படத்தைக் கடையின் காக்கித் தாளிலேயே பென்சிலால் வரைந்து, கோடு கலையாமலிருக்க மருந்து அடித்து, வேறு இடமில்லாமல் நேற்று மாலை அந்த மேசையில்தான் காயப் போட்டிருந்தாள்.

இப்போது அந்த மேசையருகே அவள் கணவர் கத்திரியோடு நின்றார். முன்னால் ஒரு சட்டைக் கை, ஒரு முன்பக்கம், பாதிக் காலர். மூன்றிலும் மகளின் பென்சில் கோடுகள் ஓடின.

"பழைய அட்டை நைஞ்சு போச்சு, புதுசா ஒரு மாதிரி வெட்டி வைக்கலாம்னு..." என்றார் அவர் சாதாரணமாக. என்ன செய்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்தது. வரைந்த பக்கம் மேலாகத்தான் கிடந்தது. கண் தெரிகிற யாரும் அதை வெட்டியிருக்க முடியாது. பழைய அட்டையை மேலே வைத்து, அதன் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வெட்டியிருக்கிறார். அவருடைய பார்வை மங்கிக்கொண்டே வருவது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். வீடு விழிக்கும் முன்பே எழுந்து, துணியின் மேல் சாக்குக்கட்டியால் பட்டை பட்டையாகக் கோடு இழுத்து வைப்பாள் அவள். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நாளெல்லாம் வெட்டுவார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவருடைய அண்ணன், கடை முதலாளி, வேனில் இவர்களை அழைத்துப் போக வருகிறார். போன வாரம்தான் கோணலாக வெட்டிய ஒரு சட்டைக் கையைத் தூக்கிப் பிடித்து, "கை தப்ப ஆரம்பிச்சா கத்திரியை வேற ஆள்கிட்ட குடுத்துட வேண்டியதுதான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கத்திரி போனால் இந்த மனுஷனிடம் மிஞ்சுவது என்ன என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கணவரின் கையிலிருந்து கத்திரியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மகளும் பெரியப்பாவும் ஒரே சமயத்தில் கூடத்துக்குள் வந்தார்கள். மகள் மேசையைப் பார்த்தாள். ஒரு துண்டைக் கையில் எடுத்தாள்.

"யாரு... யாரு வெட்டினது?"

"நான்தான்டி. கவனிக்கல..."

"கவனிக்கலையா? அத்தனை கோடு இருக்கு, கவனிக்கலையா? பொய் சொல்லாத. ஹாஸ்டல்ல சேரணும்னு சொன்ன நாள்லருந்து உன் மூஞ்சியே சரியில்ல. நான் போகக் கூடாது... இங்கயே உக்காந்து காலம் பூரா பட்டன் கட்டணும். அதானே உனக்கு வேணும்?"

"அப்படியெல்லாம் இல்லடி..."

"என்னைத் தொடாத."

"பெத்தவளே இப்படிப் பண்ணலாமா?" என்றார் பெரியவர். அவர் சத்தம் போடாதது இன்னும் வலித்தது.

கணவருக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் வெளுத்து, எதையோ சொல்ல வாயைத் திறந்தார். கண்ணைக் காட்டித் தடுக்கலாமென்றால் அது அவருக்குத் தெரியவா போகிறது? அவருடைய காலை நன்றாக மிதித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அழுவதற்கு நேரமில்லை. காலருக்கு உள்ளே வைக்கிற ஒட்டுத்துணியை மேசையில் விரித்தாள். மூன்று துண்டுகளையும் வெட்டி எறிந்த ஓரங்களையும் பொறுக்கி, கோட்டோடு கோடு சேர்த்து அடுக்கி, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள். தாள் தீய்ந்துவிடுமோ என்று ஒவ்வொரு அழுத்தலுக்கும் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். ஒருவழியாக ஒட்டிக்கொண்டது. ஆனால் படத்தின் நடுவே ஒரு சட்டைக் கையின் வடிவம் அப்பட்டமாகத் தெரிந்தது. சுருட்டினால் பிரிந்துவிடும் என்பதால் மகள் அதைப் பலகை மாதிரி தூக்கிக்கொண்டு, அம்மா பக்கம் திரும்பாமலே வேனில் ஏறினாள்.

கல்லூரியின் நீண்ட வராந்தாவில் நாற்காலி போட்டிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் தோல் பையிலும் நீளக் குழலிலும் படங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் அம்மாவின் கை சேலைத் தலைப்பை முறுக்கியது. வெட்டுப்பட்ட படம் என்று திருப்பி அனுப்பிவிட்டால்... இந்தப் பெண் ஆயுசுக்கும் தன்னை அம்மா என்று கூப்பிடுவாளா?

அப்பாதான் மெதுவாகக் கேட்டார். "என்னம்மா வரைஞ்சிருந்தே அதுல?"

"உங்களுக்குத் தெரியாதாப்பா? நம்ம கூடம்தான்." மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாம இருக்கற இடத்தை எப்படி மாத்துவீங்கன்னு கேட்டிருந்தாங்க. மேசைக்கு நேர் மேல கூரையத் திறந்து கண்ணாடி வெச்சிருக்கேன். நீங்க ஒவ்வொரு துணியையும் ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போய் போய்ப் பாக்கறீங்கல்ல... உங்களுக்கு வெளிச்சம் பத்தலைன்னு..."

அவர் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அம்மா பதறிப்போய் மறுபடி மிதிக்க அவர் காலைத் தேடினாள். இந்த முறை அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லம்மா. என் கண்ணுதான் போயிட்டிருக்கு. அந்தப் படத்தை வெட்டினது நான். உங்கம்மா இல்ல."

"ஏங்க... வேண்டாங்க..."

"சும்மா இரு. இத்தனை நாளா நீ கோடு போட்டுக் குடுத்துதான் நான் வெட்டினேன். இன்னிக்கு என் பழியையும் நீ வாங்கிக்கிட்டே. இன்னும் எவ்வளவுதான் சுமப்ப?" தலையைத் திருப்பி, அண்ணன் இருக்கிற திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்தார். "அண்ணே, கத்திரியை இவகிட்டயே குடுத்துடுங்க. வெட்டறது முக்காவாசி ஏற்கெனவே இவதான்."

அம்மா தரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். பெரியவர் எழுந்து வந்து தம்பியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கண் டாக்டரைப் பாத்தியா?"

"இல்லண்ணே. பயமா இருந்துச்சு."

"நாளைக்குப் போறோம். நானும் வர்றேன்." பிறகு அவளிடம், "என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா... அவ்வளவு மோசமானவனா நான்?" என்றார்.

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வந்தபோது கதவு திறந்து அவளை அழைத்தார்கள்.

எழுந்து நின்று, "ஒரு ஓரத்தைப் பிடிச்சுக்கோம்மா. தனியா தூக்கினா பிரிஞ்சிடும்" என்றாள்.

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை படத்தை நெடுநேரம் பார்த்தார். விரலால் அந்தச் சட்டைக் கையின் வெட்டைத் தடவினார்.

"இது என்ன? யார் வெட்டினது?"

அம்மா 'நான்தான்' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மகள் பேசிவிட்டாள்.

"தையல்காரங்க வீடு மேடம். மேசை மேல காக்கித் தாள் கிடந்தா வெட்டிடுவாங்க. அது தெரிஞ்சும் அங்க கொண்டுபோய் வெச்சது நான். தப்பு என்னோடது. ஒட்டினது எங்கம்மா."

பேராசிரியை நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். பிறகு கூரைக் கண்ணாடியைச் சுட்டினார். "இது மழைக்கு ஒழுகுமே?"

"ஒழுகும் மேடம். ஒழுகாம எப்படிக் கட்டறதுன்னு தெரியல. அதுக்குத்தான் சேர வந்திருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் எத்தனையோ கேட்டார்கள், மகளும் எதையெதையோ சொன்னாள். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. 'தப்பு என்னோடது' என்று மகள் சொன்னதிலேயே அவள் மனசு நின்றுவிட்டது.

மதியத்துக்கு மேல் தேர்வானவர்களின் பெயர்களைச் சுவரில் ஒட்டினார்கள். மகள் கூட்டத்தில் புகுந்து பார்த்துவிட்டு வந்து, அப்பாவின் கையைப் பிடித்து அழைத்துப்போய், அவருடைய விரலை ஒரு வரியின் மேல் வைத்தாள்.

"இதுதாம்ப்பா என் பேரு."

அவர் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

மகள் திரும்பி வந்து, காலையில் தொடாதே என்று உதறிய அம்மாவின் அதே கைகளைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா ஒரு வார்த்தைகூடச் சொல்லல? நான் அவ்வளவு பேசினேனே..."

"சொன்னா அப்பா தலைகுனிஞ்சிருப்பார்டி."

"நான் நிஜமாவே உன்னை வெறுத்திருந்தா?"

காலையிலிருந்து அவள் பயந்ததெல்லாம் அதற்குத்தான். தாங்க முடியாமல் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதாள்.