குட்டையில் மீன் விட்டது யார்?

தண்ணீர் இறைக்கும் மோட்டார் மறுபடியும் முக்கி முனகி நின்றுபோனது. அப்பா தலையில் அடித்துக்கொண்டே பண்ணைக் குட்டைக்குள் இறங்கி, குழாயை இழுத்துப் போட்டார். அதன் வாயில் இருந்த சல்லடை முழுக்க விரல் நீள மீன்கள் சிக்கிக் கிடந்தன.

"பொடிசு, இங்க வா."

அடுத்து என்ன வரும் என்று பொடிசுக்குத் தெரியும். இந்த வாரம் முழுக்க இதே பாட்டுதான்.

"குட்டையை வெட்டினவன் நான். நான் மீன் விடல. உங்கம்மாவும் விடல. அப்போ யார் விட்டது?"

"நான் விடலப்பா."

"அடிபட்ட காக்காவைத் தூக்கிட்டு வந்தது யாரு? பள்ளிக்கூடப் பையில ஆமையை வச்சிருந்தது யாரு?"

"அதெல்லாம் நான்தான். இது நானில்ல."

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஒத்துக்கிட்டா ஒண்ணும் சொல்லமாட்டார்டி," என்றாள். பொடிசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்த குறும்புக்குத் திட்டு வாங்கலாம். செய்யாததற்கும் வாங்கினால் எரிச்சல் வராதா?

"கோடையில குட்டை சேறாக் கிடந்துச்சே, அப்பவே இதுங்க செத்திருக்கணுமே," என்று அப்பா முணுமுணுத்தார்.

"சாகலப்பா. ஆழமான மூலையில, கோரைப்புல் நிழல்ல பதுங்கிக் கிடந்துச்சுங்க. நான் பார்த்தேன்."

"பாத்தியா? எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு மொத்தத் தண்ணியையும் வயலுக்கு இறைச்சுட்டுக் குட்டையைக் காயப்போடறேன். இந்தத் தொல்லையே வேணாம்," என்றார் அப்பா.

மீன்கள் என்ன ஆகும்? பொடிசு உடைந்த காய்கறிக் கூடையைத் தேடி எடுத்தாள். பழைய கொசுவலையை அதைச் சுற்றி இறுக்கிக் கட்டி, குழாயின் வாயை உள்ளே வைத்தாள். மறுநாள் காலையில் மோட்டார் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மீன்கள் வலையை முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

அப்பா கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, இருந்துட்டுப் போகட்டும். ஆனா விட்டது நீதான்னு மட்டும் ஒத்துக்கோ."

பொடிசுக்கு அழுகையே வந்துவிட்டது. மீன்கள் பிழைத்துக்கொண்டன. அவளைத்தான் யாரும் நம்பவில்லை.

அன்று மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. குட்டை நிரம்பி வழிந்து, சிறு வாய்க்கால் வழியாகக் கீழே ஓடைக்கு ஓடியது. கூடை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போன பொடிசு, வாய்க்காலைப் பார்த்ததும் ஒரே ஓட்டமாகத் திரும்பி வந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப்போனாள்.

ஓடையிலிருந்து சின்னச் சின்ன மீன்கள் தண்ணீரை எதிர்த்து ஏறி வந்துகொண்டிருந்தன. புல்லுக்குள் நெளிந்தன, துள்ளின, வழுக்கி விழுந்து மறுபடி ஏறின.

"அடப்பாவிங்களா, தானாவே வருதுங்களே," என்றார் அப்பா. பிறகு மெதுவாக, "உன்னைப் போய்த் திட்டிட்டேனே," என்றார்.

மழை தூறலாகக் குறைந்ததும் வாய்க்காலில் நீர் வடிந்தது. சில மீன்கள் புல்லில் மாட்டித் துடித்தன. அப்பா சுற்றும்முற்றும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, மீன்களை அள்ளிக்கொண்டு போய்க் குட்டையில் விட்டார்.

சரியாக அப்போதுதான் அம்மா குடையோடு வந்தாள்.

"ஓகோ, இத்தனை நாளா மீன் விட்டது நீங்கதானா?"

"ஐயோ, நான் விடல," என்றார் அப்பா.

"ஒத்துக்கிட்டா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அப்பா பரிதாபமாக மகளைப் பார்த்தார். "பொடிசு, நீயாவது சொல்லேன்."

பொடிசு அம்மாவின் குடைக்குள் சாவகாசமாக நுழைந்துகொண்டாள்.

"ஒரு வாரம் போகட்டும்பா. அப்புறம் சாட்சி சொல்றேன்."