மஞ்சள் தண்ணீரில் ஒரு மீசை

"ஐயோ...! பொணம்! திலகா... பொணம்!"

குணாளனின் அலறல் நிலவறையில் கிளம்பிப் படியேறி, கூடத்தைத் தாண்டி, சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த திலகாவின் காதில் வந்து மோதியது.

திலகா அடுப்பை அணைத்தாள். தோசையைத் திருப்பிப் போட்டு, வெந்த பிறகுதான் அணைத்தாள்.

சிரம்பானில் போலீஸ் கார்ப்பரலாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். பிணம் எங்கேயும் ஓடிப் போகாது, தோசைதான் கருகும் என்பது அவளுக்குத் தெரியும்.

நிலவறைப் படியின் உச்சியில் குணாளன் சரோங்கை இறுகப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தான். பள்ளி வேன் ஓட்டுபவன். நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைப்பான். வீட்டில் மட்டும் அந்தக் குரல் எழும்பாது.

"எங்க?"

"கீழ... தண்ணில... மெதக்குது!"

"ஆம்பளையா, பொம்பளையா?"

"மீசை இருக்கு, திலகா!"

"அப்ப ஆம்பளைதான். டார்ச்சக் குடுங்க."

"போகாத லா! அலாமாக்... மொதல்ல போலீசக் கூப்பிடு!"

"கூப்பிட்டீங்கல்ல... வந்துட்டேன்!"

அது ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களா. தன் பிராந்தி பாட்டில்களைக் குளுமையாக வைத்துக்கொள்ளத் துரை தரைக்கடியில் ஒரு நிலவறையும் கட்டியிருந்தார். துரை போனார், பாட்டில்களும் போயின. பல வருஷம் பூட்டிக் கிடந்த பங்களாவைப் போன மாதம்தான் திலகா வாங்கினாள்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். போலீஸ் குவார்ட்டர்ஸ், வாடகை ஃபிளாட் என்றே காலம் தள்ளியவளுக்கு இந்த வீடு உயிர். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகிறவர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போகும் விடுதியாக்க வேண்டும் என்பது அவள் கனவு.

அந்தக் கனவில்தான் தண்ணீர் புகுந்தது.

போன வாரம் ஒரு காலையில் நிலவறையில் கணுக்கால் தண்ணீர். மறுநாள் முழங்கால். தீயணைப்பு பொம்பா வண்டி வந்து இறைத்துவிட்டுப் போனது. விடிந்தால் மறுபடி தண்ணீர்! குழாய் வேலைக்காரர் வந்து எட்டிப் பார்த்து, 'தரையில ஊத்துக்கண் தொறந்திருச்சு, ஒண்ணும் செய்ய முடியாது' என்று கையை விரித்தார்.

கடைசியில் திலகாவே ஒத்துக்கொண்டாள். இன்றைக்கும் தண்ணீர் வடியவில்லை என்றால் வீட்டை விற்றுவிடுவது. வாங்கிக்கொள்ளத் தோட்டக் கோயிலின் தலைவர் புவனேஸ்வரன் தயாராக இருந்தார். மத்தியானம் வக்கீலோடு வருவதாகப் பேச்சு.

இந்த லட்சணத்தில்தான் பிணம்!

திலகா டார்ச்சோடு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். வெளிச்சம் சுவரில் ஊர்ந்து... தண்ணீரில் இறங்கி... நின்றது.

மல்லாந்த உடம்பு. முறுக்கிய மீசை. அகலத் திறந்த கண்கள் அவளையே முறைத்தன. இமைக்கவில்லை.

திலகா நெருங்கினாள். கையை நீட்டிக் கன்னத்தைத் தட்டினாள்.

டொக்... டொக்!

"ஏங்க, இறங்கி வாங்க. பொணமில்ல..."

"பின்ன?"

"சாமி!"

"மு... முனியாண்டியா?"

முனியாண்டியேதான்! பலா மரத்தில் செதுக்கிய, ஆளுயரத் தோட்டக் காவல் தெய்வம். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரே ராத்திரியில் கோயிலிலிருந்து மறைந்துபோனவர். சாமி கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று சத்தமாகச் சொன்னவர் புவனேஸ்வரன். அந்தச் சத்தத்திலேயே தலைவராகி, தமிழ்நாட்டிலிருந்து கருங்கல் சிலை வரவழைத்து வைத்தவரும் அவரே.

குணாளன் பாதிப் படி வரை இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"இங்க எப்படி வந்தாரு?"

மூலையில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. அதை மூடியிருந்த பலகை தண்ணீரில் தனியாக மிதந்தது.

"யாரோ பொதைச்சிருக்காங்க. தண்ணி ஏறவும் மண்ணு இளகி மேல வந்துட்டாரு."

சொல்லிக்கொண்டே திலகா தன் விரலைப் பார்த்தாள். ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. விரலை மோந்து பார்த்தாள்.

போலீஸ் மூக்கு விழித்துக்கொண்டது.

"ஏங்க, நேத்துக் காலையில தண்ணி என்ன கலர்ல இருந்துச்சு?"

"டீ கலர்ல."

"இன்னிக்கு?"

"சாம்பார் கலர்ல."

"நேத்துக் கோயில்ல என்ன விசேஷம்?"

"மஞ்சள் நீராட்டு... திருவிழா கடைசி நாளு. நீதான் என் தலையில ஒரு சொம்பு ஊத்துனியே!"

"தரைக்கு அடியில வர்ற ஊத்து, மஞ்சளும் வேப்பிலையும் கலந்துக்கிட்டா வருது?"

குணாளன் ஒரு படி பின்னால் ஏறினான்.

"சாமிக்குக் கலக்குன மஞ்சத் தண்ணி மிஞ்சினா, கண்ட எடத்துல ஊத்துவாங்களா?"

"சேச்சே! கால் மிதி படக்கூடாது. பாவம் லா!"

"அதான்! யாரோ கால் படாத எடத்துல ஊத்தியிருக்காங்க. கோயிலுக்குப் பின்னால குன்று மேல, துரை காலத்துத் தண்ணித் தொட்டி இருக்குல்ல... அதுல! அங்கேருந்து இந்த பங்களாவுக்கு ஒரு பைப்பு உண்டு. அந்த வால்வ யாரோ தொறந்து விட்டிருக்காங்க!"

"அந்தப் பைப்பு செத்துப் பல வருஷமாச்சே!"

"செத்த பைப்புக்கு யாரோ உசுரு குடுத்திருக்காங்க. வேன்ல இருக்குற பெரிய ஸ்பானர எடுத்துத் தாங்க. போயி மூடிட்டு வரேன்."

"ஸ்பானரா? அது... பெடாஸ்ல ஒரு கூட்டாளிக்கு இரவல் குடுத்துட்டேன்."

"சரி, நானே பாத்துக்கறேன்."

"திலகா, சொன்னா கேளு. சூடா லா, போதும்! சாமியே தண்ணில மெதக்குற வீடு நமக்கு எதுக்கு? தலைவரு வந்ததும் கையெழுத்துப் போட்டுட்டு சிரம்பானுக்கே போயிருவோம்."

திலகா டார்ச்சை அவன் கையில் திணித்தாள். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

குன்றின் மேல் பாசி படிந்த சிமெண்டுத் தொட்டி. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

மஞ்சள்! அதன் மேல் வேப்பிலைகள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

வால்வுக்குப் புதிதாக கிரீஸ் பூசியிருந்தது. பக்கத்து லாலான் புல்லில் என்னவோ பளபளத்தது. குனிந்து எடுத்தாள்.

அதைக் கண்டதும் அப்படியே தொட்டிக் கரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ குற்றவாளிகளைப் பிடித்தபோது வராத வலி, இப்போது நெஞ்சில் வந்தது.

கொஞ்ச நேரம்தான். எழுந்தாள். வால்வை மூடினாள். கண்டெடுத்ததைப் பைக்குள் போட்டாள். போனை எடுத்தாள்.

"தலைவரே, திலகா பேசறேன். எங்க வீட்டுல ஒரு பொணம் கெடைச்சிருக்கு..."

"என்னம்மா சொல்ற!"

"வக்கீல அப்புறம் கூட்டிட்டு வரலாம். நீங்க மட்டும் ஒடனே வாங்க."

வந்தார் புவனேஸ்வரன். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் ஊன்றுகோல், இரண்டு பாதத்திலும் கட்டு. திருவிழாவில் தீ மிதித்திருந்தார். விரதம் சுத்தமாக இருந்தால் நெருப்பு சுடாது என்பது ஊர்ப் பேச்சு. தலைவரை நெருப்பு நன்றாகவே சுட்டிருந்தது.

கூடத்தின் நடுவே, வெள்ளைத் துணி போர்த்திய ஒரு உடம்பு.

"யாரும்மா இது?"

"தெரியல தலைவரே. வயசான ஆளு. பல வருஷமா காணாமப் போனவராம்."

"போலீசுக்குச் சொல்லியாச்சா?"

"நீங்க ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டா சொல்லிரலாம். உங்களுக்குத் தெரியாத ஆளா இந்தத் தோட்டத்துல?"

"ஐயோ பாவம்... எந்தப் பாவி செஞ்சானோ..."

திலகா சட்டென்று துணியை உருவினாள்.

முறுக்கிய மீசை! உருட்டிய விழி!

ஊன்றுகோல் ஒரு பக்கம் பறந்தது. தலைவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"முனியாண்டி...! அப்பனே! மன்னிச்சிரு! உன்ன எரிக்கத்தான் தூக்கிட்டு வந்தேன்... எரிச்சனா? எரிக்கலையே! பத்திரமாத்தானே பொதைச்சு வச்சேன்!"

குணாளன் வாயைப் பிளந்தான்.

"தலைவரே, நீங்களா!"

"கருங்கல்லு சிலை வைக்கணும்னு ஆசப்பட்டேன்பா. ஊர்ல ஒருத்தரும் ஒத்துக்கல. எங்க பாட்டனுங்க செதுக்குன சாமி, மாத்தக்கூடாதுன்னு நின்னாங்க. எரிச்சிரலாம்னு பாத்தேன்... முழிச்சுப் பாக்குறாரே! தீக்குச்சியக் கீழ போட்டுட்டேன். இங்க கொண்டாந்து பொதைச்சிட்டேன்."

"அதான் இந்த வீட்ட வாங்கத் துடிச்சீங்களா?" என்றாள் திலகா.

"நீதாம்மா கீழ தரைய ஒடச்சு டைல்ஸ் போடப் போறேன்னு ஊரெல்லாம் சொன்ன!"

"சரி. தண்ணி?"

"எந்தத் தண்ணி?"

"குன்று மேல வால்வத் தொறந்து, எங்க வீட்ட மூழ்கடிச்ச தண்ணி."

புவனேஸ்வரன் எழுந்து உட்கார்ந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் நிஜமான கோபம்.

"ஏம்மா, போலீஸ்ல இருந்தவதானே நீ? மரச் சிலையப் பொதைச்ச எடத்துல எவனாச்சும் தண்ணிய விடுவானா? மரம் மெதக்கும்னு எனக்குத் தெரியாதா? கோயில் படியில ஏறவே ரெண்டு பேரு கை புடிக்கிறாங்க... குன்றுல ஏறுவேனா?"

"தெரியும் தலைவரே. தண்ணி விட்டது நீங்க இல்ல."

"பின்ன யாரு?"

திலகா திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தாள்.

"ஏங்க... வாசலுக்குப் போகாதீங்க. வேன் சாவி என்கிட்ட இருக்கு."

பூனை நடை நடந்துகொண்டிருந்த குணாளன் அப்படியே நின்றான். தேள் கொட்டிய திருடன் மாதிரி வாயைத் திறக்க முடியாமல் விழித்தான்.

திலகா பைக்குள் கையை விட்டாள். வெளியே வந்தது ஒரு பெரிய ஸ்பானர். பிடியில், வேனின் அதே மஞ்சள் பெயிண்டால் அவளே எழுதிக் கொடுத்த 'குணா'.

"பெடாஸுக்கு இரவல் போன ஸ்பானர், குன்று மேல லாலான்ல படுத்திருந்துச்சு."

"தி... திலகா..."

"ஏன் செஞ்சீங்க?"

குணாளன் நாற்காலியில் சரிந்தான்.

"எனக்கு இந்த வீடு புடிக்கல. அட்டை கடிக்குது. பாம்பு வருது. காத்தாடி போட்டா கரண்டு போயிருது. ஒரு தே தாரேக் டீ குடிக்க எவ்வளவு தூரம் போறது? பேச்சுத் துணைக்கு ஒரு மனுஷன் இல்ல..."

"அத வாயத் தொறந்து சொல்றதுதானே?"

"உன்கிட்டயா...? வேணாம்னு சொல்றத விட வீட்ட மூழ்கடிக்கிறது சுலபமாத் தெரிஞ்சுச்சு!"

திலகாவுக்குக் கோபம் வந்தது. அதன் பின்னாலேயே வருத்தமும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனிடம் 'புடிச்சிருக்கா' என்று ஒரு தடவையாவது கேட்டோமா என்று யோசித்தாள். நினைவில் ஒன்றும் அகப்படவில்லை.

"மாட்டிக்கக் கூடாதுன்னு ராவோட ராவா வால்வத் தொறந்தவரு, மஞ்சத் தண்ணிய எதுக்கு அதுல ஊத்துனீங்க?"

"நேத்துக் கோயில்ல பஞ்சாலையக்கா மஞ்சத் தண்ணி மிச்சத்த ஒரு வாளியில குடுத்து, கால் படாத எடத்துல ஊத்துங்க தம்பின்னாங்க. எப்படியும் மேல போற ஆளுதானேன்னு எடுத்துட்டுப் போனேன். வழியில கொட்ட மனசு வரல... சாமி தண்ணி லா!"

"கேட்டுக்குங்க தலைவரே! ஒருத்தரு எரிக்கப் பயந்தீங்க. இன்னொருத்தரு கொட்டப் பயந்தாரு. என்கிட்ட மட்டும் எவனுக்கும் பயமில்ல!"

"எனக்கு இருக்கும்மா," என்றார் புவனேஸ்வரன் அவசரமாக.

"அப்ப சாமியத் தலையில தூக்கிட்டு நடங்க. எடுத்த எடத்துல வச்சு, ஊரக் கூட்டி உண்மையச் சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

"பாதம் வெந்திருக்கேம்மா!"

"மெதுவா நடங்க. அவருக்கொண்ணும் அவசரமில்ல. இத்தனை வருஷம் காத்துட்டிருந்தவருதானே!"

தலைவர் முனியாண்டியைச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு அடிக்கும் 'அப்பனே' போட்டபடி வாசலைத் தாண்டினார்.

குணாளன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அப்ப... வீடு?"

"விக்கல. முனியாண்டி எந்திரிச்ச வீடு இது. பாக்கவே ஆளு வரும். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை சிரம்பானுக்கு நானே கூட்டிட்டுப் போறேன், போதுமா?"

"போதும் திலகா!" குணாளன் முகம் மலர்ந்தது. "அப்ப... போலீசுக்கு?"

"சொல்ல மாட்டேன்."

"நீ தங்கம் லா!"

"சொன்னா லாக்கப்புல போடுவாங்க. அங்க அட்டை இல்ல, காத்தாடி சுத்தும், வேளைக்கு டீ வரும், பேச்சுத் துணைக்கும் ஆளு இருக்கு. அந்த சொகமெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" பஞ்சாலையக்காவின் வாளியை அவன் கையில் திணித்தாள் திலகா. "இறைங்க!"