நான்கு பல் உடைந்த பாட்டுப்பெட்டி

2009 ஐப்பசி மழையில், மஞ்சக்குப்பத்தில் இடிக்கவிருந்த ஒரு பழைய பங்களாவிலிருந்து என் அக்கா புருஷன் அந்தோணிசாமி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். பழம்பொருள் வியாபாரி. எழவு வீட்டு வாசலில் முதல் ஆளாக நிற்கிற ஜென்மம்.

சாவி கொடுத்தால் உள்ளே பித்தளை உருளை சுழலும். அதிலுள்ள முட்கள் ஓர் எஃகுச் சீப்பின் பற்களை மீட்ட, இத்தாலிய ஓபரா மெட்டு ஒன்று கேட்கும். மூடியைத் திறந்தாலே ஈர மரமும் அழுகிய பூவும் நாறின. சீப்பில் நான்கு பற்கள் உடைந்திருந்தன. அந்தச் சுரங்கள் வரும் இடமெல்லாம் பாட்டு ஊமையாகிப் பிறகு தொடரும்.

அக்கா மகள் ஜான்சிக்குப் பாட்டுதான் உயிர். சர்ச்சில் அவள்தான் முதல் குரல். விட்டுப்போன இடங்களை அவள் பாடி நிரப்பினாள். நாங்கள் கைதட்டினோம், பாவிகள்.

மறுநாள் பெட்டியைத் திறந்தபோது பாட்டு எங்கும் நிற்கவில்லை. ஊமையான இடங்களில் ஒரு பெண்குரல் பாடியது.

ஜான்சி வாயை மூடிக்கொண்டு என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

ஞாயிறு பூசையில் அந்தச் சுரங்களில் மட்டும் அவள் குரல் அறுந்தது. பெட்டியைத் திறக்கத் திறக்க அதில் குரல் கூடியது, இவள் பேச்சில் குறைந்தது.

“தொண்டைக்குள்ளேர்ந்து யாரோ உருவுறாப்புல இருக்கு மாமா,” என்று கிசுகிசுத்தாள்.

நான் சுத்தியலை எடுத்தேன். அந்தோணிசாமி என் கையைப் பிடித்தார். “பாண்டிச்சேரியிலேர்ந்து ஆளு வராரு மச்சான். ஒரு தடவ முழுசா போட்டுக் காட்டிட்டா போதும்.”

“அவ கொரலு மொத்தமா போயிடும். தெரிஞ்சுதான் பேசுறீங்களா?”

“தெரியும். விக்கி விக்கிப் பாடுற பெட்டிய எவன் வாங்குவான்?”

பட்டப்பகலில் ஆள் வந்தார். என்னைப் பின்கட்டில் வைத்துத் தாழிட்டிருந்தார் அந்தோணிசாமி. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். ஜான்சி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“வே... ணாம்... ப்பா.”

அவர் காலை உதறிக்கொண்டு சாவி கொடுத்தார்.

பெட்டி கடைசிவரை பாடியது.

ஜான்சியின் வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை.

சாயங்காலம் என்னைத் திறந்துவிட்ட பிறகு, பெட்டியை வாங்கிப்போனவர் போன் செய்தார். அந்தோணிசாமி ஸ்பீக்கரில் போட்டார்.

“அருமையான பொருள் சார்! சாவி தீர்ந்தும் நிக்க மாட்டேங்குது. பாட்ட விட்டுட்டு இப்ப யாரோ பொண்ணு பேசுது, கேளுங்க.”

“அப்பா... இங்க இருட்டா இருக்குப்பா... முள்ளு குத்துதுப்பா...”

எதிரே நின்ற ஜான்சியின் உதடுகள் அதே வார்த்தைகளுக்கு அசைந்தன.

“இருங்க சார், இன்னும் சத்தமா கேக்குதான்னு மறுபடியும் சாவி குடுக்குறேன்,” என்றார் வாங்கியவர் உற்சாகமாக.

அந்தோணிசாமி போனை அணைத்தார். ஜான்சியின் உதடுகள் அப்பா, அப்பா என்று அசைந்துகொண்டே இருந்தன.