மெழுகுவர்த்தி வைத்த தட்டு

புருஷன் சிக்மாஸின் தட்டில் மெழுகுவர்த்தி இருந்தது. எல்விரா அதை அங்கே வைக்கவில்லை.

மாமியார் ஸ்டெஃபானியாவின் தட்டில்தான் வைத்தாள். வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டதுவரை நினைவிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்கால விருந்தில், அந்த வருஷம் செத்தவருக்கும் மேஜையில் ஓர் இடம் உண்டு. அந்தத் தட்டில் சாப்பாடு கிடையாது, மெழுகுவர்த்தி மட்டும்தான். உயிரோடு இருந்து இன்னும் வந்து சேராத ஆளின் தட்டில் கோயிலில் வாங்கிய மெல்லிய அப்பத்தை வைப்பார்கள். இந்த இரண்டையும் எந்த லித்துவேனியப் பெண்ணும் தூக்கத்தில்கூட மாற்றி வைக்க மாட்டாள்.

புத்தி எங்கே மேயப் போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டு, மெழுகுவர்த்தியை எடுத்து மாமியார் தட்டில் வைத்தாள்.

வீட்டில் அப்படி ஓர் அமைதி. ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்த ஸ்டெஃபானியா ஒரு நாளும் வாய் திறந்து அவளைக் கூப்பிட்டதில்லை. மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாய் தேய்ந்துவிடும் போலிருக்கிறது. கரண்டியால் கோப்பையைத் தட்டுவாள். டிங், டிங். எல்விரா எழுந்து ஓடுவாள். நடுத்தூக்கத்தில்கூட முதலில் கால் தரையில் படும், அப்புறம்தான் கண் திறக்கும். கிழவி போனால் நிம்மதி என்றுதான் நினைத்திருந்தாள். செப்டம்பரில் புதைத்துவிட்டு வந்த பிறகுதான், தன்னைக் கூப்பிட அந்த வீட்டில் இனி யாருமே இல்லை என்பது உறைத்தது. புருஷனோ லாரியோடு ஜெர்மனியில் பாதி நாள், போலந்தில் மீதி நாள். சில சாயங்காலங்களில் அவளே கரண்டியை எடுத்துக் கோப்பையைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

நாலரை மணிக்கு சிக்மாஸ் போன் செய்தான். எல்லையைத் தாண்டிவிட்டானாம், பனி கொட்டுகிறதாம்.

"பசிச்சா நீ உக்காந்து சாப்பிடு எல்வி. எனக்காகக் காயாத."

"நல்லா இருக்கே! தனியா உக்காந்தா யாரோட சேர்ந்து எழுந்திரிக்கிறது?"

அவன் சிரித்தான். உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் எழ வேண்டும், முதலில் எழுந்தவர் முதலில் போய்ச் சேருவார் என்பது ஸ்டெஃபானியா கண்டிப்பாகக் காத்த வழக்கம். ஒரு வருஷம் மாமனார் உப்பு எடுக்க எழுந்தார். அடுத்த ஈஸ்டருக்கு அவர் இல்லை.

"எங்கம்மா தட்டு வச்சாச்சா?"

"வச்சேன். இப்பவாவது ராணி மாதிரி உக்காரட்டும். நீ பார்த்து வா."

சமையலறையில் பீட்ரூட் சூப் கொதித்து அடங்கிக்கொண்டிருந்தது. கசகசாப் பாலின் இனிப்பு வாசம், ஊறவைத்த மீனின் புளிப்பு, மேஜைவிரிப்பின் அடியில் பரப்பியிருந்த காய்ந்த புல்லின் மணம் எல்லாம் கலந்து வந்த அந்தச் சூட்டுக்குள் இன்னொரு வாசனையும் மெல்லப் புகுந்துகொண்டிருந்ததை அவள் மூக்கு முதலில் நம்பவில்லை. கற்பூரத் தைலம். கிழவியின் முதுகுப் புண்ணைச் சுற்றித் தினமும் தேய்த்த தைலம். அந்தப் பாட்டிலை அவள் சவ அடக்கத்தன்றே குப்பையில் போட்டுவிட்டாள்.

மேஜைக்குத் திரும்பினாள். மெழுகுவர்த்தி மறுபடியும் சிக்மாஸின் தட்டில் இருந்தது. இந்தத் தடவை எரிந்துகொண்டிருந்தது. அவன் அப்பம் இரண்டாக உடைந்து விரிப்பில் கிடந்தது.

எல்விரா போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சுடுமெழுகு விரலில் வழிய மெழுகுவர்த்தியைப் பிடுங்கி மாமியார் தட்டில் அழுத்தி வைத்தாள். சாலையில் வெளிச்சம் தெரிகிறதா என்று சன்னல் பக்கம் ஒரு கணம் திரும்பினாள்.

டிங்.

திரும்பிப் பார்த்தாள். சிக்மாஸின் தட்டில் சுடர் ஆடாமல் நின்றது.

"அத்தே," என்றாள். "அவன் நீங்க பெத்த புள்ள. விட்டுடுங்க."

காலி நாற்காலி காலியாகவே இருந்தது. தைல வாசனை மட்டும் கூடியது. அவனும் போனால் இந்த வீட்டில் தன் கதி என்ன என்று நினைத்தபோது பயத்தைவிட அழுகைதான் வந்தது. மெழுகுவர்த்தியை எடுத்தாள். தன்னுடைய தட்டில் வைத்தாள். தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மெழுகுவர்த்தி நகரவில்லை.

கையிலிருந்த போன் அடித்தது.

"எல்வி, பயப்படாத. வண்டி வழுக்கிடுச்சு. பள்ளத்துக்கு ஒரு சாண் இருக்கறப்ப அதுவா நின்னுச்சு. யாரோ புடிச்சு நிறுத்தின மாதிரி. எனக்கு ஒண்ணுமில்ல. நம்ம திருப்பத்துக்கு வந்துட்டேன்."

அவள் விக்கி விக்கி அழுதாள். சந்தோஷத்தில்தான். சீக்கிரம் வா என்றாள், சூப் சூடாக இருக்கிறது என்றாள், போனைக் கீழே வைத்துக் கண்ணைத் துடைத்தாள். அப்புறம்தான் சுடரைப் பார்த்தாள்.

இன்னும் அவள் தட்டிலேயே இருந்தது. யாரும் அதை மாற்ற வரவில்லை.

மாற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருக்கலாம். கிழவிக்கு மகன் எதற்கு? அவன் ஒரு நாளாவது தண்ணீர் கொடுத்திருப்பானா, புரட்டிப் படுக்கவைத்திருப்பானா, முதுகு துடைத்திருப்பானா?

உட்கார்ந்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த மேஜையில், தனியாக. இல்லை, தனியாக இல்லை.

எழுந்திருக்கக் கூடாது. சிக்மாஸ் வரட்டும். அவனும் உட்காரட்டும், சாப்பிடட்டும், எல்லாரும் ஒன்றாக எழுந்துகொள்ளலாம். மேஜை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கால்களை நாற்காலிக் காலில் பின்னிக்கொண்டாள். தூரத்தில் லாரியின் உறுமல் கேட்டது. கொஞ்ச நேரம்தான். இதோ வந்துவிடுவான்.

எதிரே, மாமியார் தட்டருகே கோப்பையில் இருந்த கரண்டி மெல்ல நிமிர்ந்தது.

டிங்.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

டிங். டிங்.

வாசலில் பிரேக் கிறீச்சிட்டது. லாரிக் கதவு திறந்து மூடியது. பனியில் பூட்ஸ் சத்தம். அவன்தான்.

டிங்.

"இதோ வந்துட்டேன் அத்தே."

சொன்னது அவள் வாய். கண்ணைத் திறந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அவன் அணைக்காமல் விட்ட லாரி விளக்கு சன்னல் வழியே பாய்ந்து எதிர்ச் சுவரை வெள்ளையாக்கியிருந்தது. சுவரில் மூன்று நாற்காலிகளின் நிழல் விழுந்தது. ஒரு நாற்காலியில் முக்காடு போட்ட தலை ஒன்று, பசியோடு முன்னால் குனிந்திருந்தது. எல்விரா நின்ற இடத்தில் எந்த நிழலும் இல்லை.

"எல்வி?" சிக்மாஸ் உள்ளே வந்து பனியை உதறினான். அவள் முகத்துக்கு நேரே பார்த்தான். தாண்டிப் பார்த்தான். "எங்க போய்த் தொலைஞ்சா இவ?"

கரண்டி மறுபடியும் தட்டியது. அவள் கால்கள் நடக்கத் தொடங்கின.